தலைவலி லீவு

தலைவலி என்று ஒரு தடவையாவது லீவ் லெட்டர் எழுதாத ஆபீஸ்வாசி இருக்க முடியாது. ஜுரம் என்று எழுதினால் திரும்பி வரும்போது கொஞ்சம் இளைத்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு என்றால் கௌரவக் குறைச்சல். ஊரில் இருக்கும் பாட்டியை எத்தனை முறைதான் சாகடிப்பது? தலைவலிதான் சௌகரியம். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தாலும் அகப்படாது. மேனேஜரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இல்லாத தலைவலியை இருக்கிறது என்று சொல்லியே பழகியவன் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, இருந்த தலைவலியை இல்லை என்று சொன்னேன். சொன்ன இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,270 மீட்டர் உயரம். அந்தப் பொய்க்கு நான் கட்டிய வட்டிதான் இந்த வாரக் கதை.

2019 ஜூலை மாதம். நானும் என் நண்பனும் மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போனோம். நண்பன் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவன். அவனே ஆடிட்டராக இன்னும் ஒரு குரூப் பாக்கி. ஆனாலும் எல்லோருக்கும் அவன் ஆடிட்டர்தான். இரண்டு வருஷமாக ஒரு நாள் லீவு கூட எடுக்காமல் சேர்த்து வைத்து, மேனேஜரின் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

சுமார் 475 கிலோமீட்டர் ரோடு. நடுவில் ஐந்து பெரிய கணவாய்கள்: ரோதாங் லா, பாரலாச்சா லா, நகீ லா, லாச்சுங் லா, தங்லங் லா. ('லா' என்றால் அந்தப் பக்கத்து பாஷையில் கணவாய். பி.காம். படித்த எனக்கு மெர்க்கன்டைல் லா மட்டும்தான் தெரியும். அதிலும் இரண்டாம் அட்டெம்ப்ட்டில்தான் பாஸ்.) ரோதாங் 3,978 மீட்டர். கடைசியாக வரும் தங்லங் லா 5,328 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் தலையில் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தாலும் தங்லங் லாவுக்குக் கொஞ்சம் எட்டாது.

இதற்கெல்லாம் ஜீப் வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பின்னால் வண்டி வரும். அதில் சமையல்காரர், மெக்கானிக், சுடுதண்ணீர் எல்லாம் வரும். எங்கள் பின்னால் வந்தது எங்கள் நிழல் மட்டும்தான். கூடாரம், தூங்கும் பை, ஸ்டவ், பாத்திரம், அரிசி, பருப்புப் பொடி, மாற்று டியூப், ஸ்போக்ஸ் கம்பி என்று ஆளுக்குப் பதினெட்டு கிலோ. எடையைக் குறைக்க ஆடிட்டர் டூத்பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்தான். மிச்சமான எடைக்கு ஈடாக அரைக் கிலோ மாவடு வைத்துக்கொண்டான்.

சாமான்களைப் பிரித்ததும் அவன்தான். பம்பு அவனிடம், பஞ்சர் சொல்யூஷன் என்னிடம். ஸ்டவ் அவனிடம், பாத்திரம் என்னிடம். கூடாரத் துணி அவனிடம், கம்பி என்னிடம்.

"ஏண்டா இப்படிப் பாதிப் பாதியா?"

"ஜாயின்ட் அக்கவுன்ட் மாப்ளே. ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்கக் கூடாது" என்றான்.

முதல் நாள் மடி. இரண்டாம் நாள் ரோதாங். இன்று போகிறவர்கள் ரோதாங் ஏற வேண்டிய அவசியமே இல்லை. 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்தாகிவிட்டது. 9 கிலோமீட்டர் சுரங்கம், 46 கிலோமீட்டர் மிச்சம். எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் சேற்றில் உருட்டிக்கொண்டிருந்தோம். வழியெங்கும் எல்லைச் சாலை அமைப்பின் மஞ்சள் பலகைகள். கல்யாணமானவரா, அப்படியானால் வேகத்தை விவாகரத்து செய்யுங்கள் என்கிற பாணியில் உபதேசம். செம்மறி ஆட்டுக் கூட்டம் ஒன்று எங்களை ஓவர்டேக் செய்துகொண்டிருந்தபோது அதைப் படித்தேன். நாங்கள் வேகத்தைக் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

ஒரு லாரி பக்கத்தில் வந்து நிதானித்தது. சர்தார்ஜி டிரைவர் தலையை நீட்டி, "கம்பெனி எவ்வளவு தருது?" என்று கேட்டார். பிராத்மிக் பாஸ் செய்த ஹிந்தியில், கம்பெனி எதுவும் இல்லை, நாங்களே எங்கள் காசில் வந்திருக்கிறோம் என்று விளக்கினேன். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு ஆப்பிளைக் கையில் திணித்துவிட்டுப் போனார். பார்வையில் இருந்தது மரியாதை அல்ல, பரிதாபம்.

கோக்சர், கீலாங் தாண்டி நாலாம் நாள் ஜிஸ்பா. ஆற்றங்கரையில் சுமார் 3,200 மீட்டரில் ஒரு சின்ன ஊர். ஆடிட்டரின் பிளான் சுத்தமாக இருந்தது. ஜிஸ்பாவில் ஒரு நாள் சும்மா இருப்பது. அடுத்த நாள் பாதி தூரம் ஏறி பட்சியோவில் தூங்குவது. அதற்கடுத்த நாள் ஜிங்ஜிங்பார். (ஏதோ கேபரே ஹோட்டல் மாதிரி பெயர். இருப்பது நாலைந்து கூடார டீக்கடைகள்.) அப்புறம்தான் பாரலாச்சா.

"எதுக்குடா ஜவ்வு மாதிரி இழுக்கிறே?" என்றேன்.

அவன் நோட்டைப் பிரித்தான். இதற்கென்றே ஒரு டாக்டரிடம் போய் கேட்டு எழுதி வைத்திருந்தான். காற்றில் பிராணவாயுவின் பங்கு மலை மேலும் அதே 21 சதவீதம்தான். காற்றின் அழுத்தம்தான் குறைந்துபோகிறது. தங்லங் லா உயரத்தில் அது ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. ஒரு மூச்சு இழுத்தால் அரை மூச்சுதான் வரவு. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அவகாசம் கேட்கும். ஆகவே 3,000 மீட்டருக்கு மேல், ஒரு நாள் தூங்கிய இடத்தைவிட மறுநாள் தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். கணக்கு, தூங்கும் இடத்தை வைத்துத்தான்.

எல்லாம் நியாயம்தான். ஆனால் அன்று சாயங்காலம் ஜிஸ்பாவுக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் அறுபதுக்குக் குறையாது. மறுநாள் காலையில் அந்த அம்மாள் டீ குடித்துவிட்டு, எங்களுக்கு ஒரு டாட்டா காட்டிவிட்டு, சாவகாசமாகப் பெடலை மிதித்துக் கிளம்பிவிட்டார்.

தன்மானம் என்கிற வியாதிக்கு உயரம் கிடையாது. அது மாம்பலத்திலும் வரும்.

"அறுபது வயசு அம்மா போறாங்க. நாம இங்க துணி துவைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்!" என்றேன். ஒரு மணி நேரம் நச்சரித்தேன். "ரெண்டு நாள் மிச்சமாகும்டா. லேயில ஊர் சுத்தலாம்." கடைசியில் அவன் நோட்டை மூடினான். "உனக்குத் தலைவலின்னு வந்தா ஒளிக்காம சொல்லணும். அது ஒண்ணுதான் கண்டிஷன்" என்றான். சத்தியம் செய்தேன்.

அன்றே ஜிஸ்பாவிலிருந்து ஜிங்ஜிங்பாருக்கு ஒரே மூச்சில் (அரை மூச்சில்) ஏறினோம். 500 மீட்டர் ஏறித் தூங்க வேண்டிய நாளில் ஆயிரத்துக்கு மேல். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டேன். நெற்றிப் பொட்டு இரண்டிலும் யாரோ அம்மியில் கொத்துகிற மாதிரி வலி. இருட்டில் தடவிப் பாரசிட்டமால் விழுங்கினேன். விடியும்போது வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. போகவில்லை.

"எப்படி இருக்கே?" என்றான் ஆடிட்டர், வெளியே ஸ்டவ்வைப் பற்ற வைத்துக்கொண்டே.

இதற்குப் பதில் நம் எல்லோருக்கும் மனப்பாடம். மேஜை மேல் ஃபைல் மலையாகக் குவிந்திருக்கும். மேனேஜர் வந்து கேட்பார். "ஒண்ணும் பிரச்சினை இல்லை சார்." கிரெடிட் கார்டு பில் கட்ட வழி இருக்காது. அப்பா ஃபோனில் கேட்பார். "நல்லா இருக்கேம்ப்பா." அதே குரலில் சொன்னேன்: "நல்லாதான் இருக்கேன்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் விலை மிகவும் மலிவு. சைக்கிளைத் திருப்பி விட்டால் போதும், பெடலே மிதிக்க வேண்டாம். மத்தியானத்துக்குள் ஆயிரம் மீட்டர் கீழே போய் ஜிஸ்பாவில் ராஜ்மா சாதம் சாப்பிட்டிருக்கலாம். செலவு ஒரு நாள். கொஞ்சம் மானம்.

பாரலாச்சா சுமார் 4,890 மீட்டர். பிரமாதமான இடம் என்று சொல்கிறார்கள். சூரஜ் தால் என்கிற ஏரி அதற்குச் சற்று முன்னால் நீலமாகக் கிடக்கிறது. நான் பார்த்தது முன் சக்கரத்தை மட்டும்தான். உச்சியில் பிரார்த்தனைக் கொடிகளின் அருகில் ஆடிட்டர் என்னை ஃபோட்டோ எடுத்தான். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அதில் நான் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறேன்.

சாயங்காலம் சர்சு வந்து சேர்ந்தோம். சுமார் 4,290 மீட்டர். கூடாரக் கடைக்கார அம்மாள் வைத்த சோற்றைப் பார்த்ததும் குமட்டியது. (அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் அரிசி வேகாது.) வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். இரண்டு முறை. நிமிர்ந்தபோது ஆடிட்டர் டார்ச்சுடன் நின்றிருந்தான்.

"எப்பலேர்ந்து?"

"இப்பதான்..."

"எப்பலேர்ந்துடா?"

"நேத்து ராத்திரிலேர்ந்து."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தரையில் டார்ச் வெளிச்சத்தில் காலால் ஒரு கோடு போட்டான். "குதிகாலை விரலோட ஒட்டி வச்சு, இதுமேல நேரா நட." நடந்தேன். "திரும்பி வா." வந்தேன். தள்ளாடவில்லை. அப்புறம்தான் அவன் மூச்சு விட்டான். உயர மலையில் தலைவலி, வாந்தி முதல் கட்டம். அதற்கடுத்து மூளையில் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது குடிகாரன் மாதிரி நடை தள்ளாடும். அங்கிருந்து விறுவிறுவென்று ஆள் போய்விடலாம். அதற்கு ஒரே மருந்து கீழே இறங்குவது.

"தள்ளாடியிருந்தா?" என்று கேட்டேன்.

"இந்த ராத்திரியே ஏதாவது வண்டி முன்னால போய் விழுந்திருப்பேன்" என்றான்.

கீழே இறங்குவது என்று சொல்லிவிட்டேனே, அதில்தான் சர்சுவின் சூழ்ச்சி இருக்கிறது. அது ஒரு கிண்ணம். மணாலிப் பக்கம் திரும்ப வேண்டும் என்றால் மறுபடி பாரலாச்சா ஏறித்தான் இறங்க வேண்டும். லே பக்கம் என்றால் நகீ லா, லாச்சுங் லா இரண்டும் அதைவிட ஜாஸ்தி அவஸ்தை. இறங்குவதற்காக ஏற வேண்டிய ஊர் அது. ஜிங்ஜிங்பாரில் ஒரு நாளோடு முடிந்திருக்க வேண்டிய கடன், பதினைந்து மணி நேரத்தில் முதலும் வட்டியுமாக வளர்ந்து நின்றது.

அன்று ராத்திரி ஆடிட்டர் தூங்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த டயமாக்ஸ் மாத்திரையைக் கொடுத்தான். மணிக்கு ஒரு முறை எழுப்பி, "உன் பேர் என்ன? பதினேழு எட்டு எவ்வளவு?" என்று கேட்டான். நூற்று முப்பத்தாறு என்று நான் சரியாகச் சொன்னபோதுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. நான் சாதாரணமாக அதைத் தப்பாகச் சொல்லுகிறவன்.

நடுவில் ஒரு முறை விழித்தபோது வெளியே பேச்சுக் குரல். அந்த அறுபது வயசு அம்மாளும் அவர் கணவரும் பக்கத்துக் கூடாரத்தில்தான் தங்கியிருந்தார்கள். அவர்கள் மூன்று வாரமாக ஸ்பிட்டியில் உயரத்திலேயே சைக்கிள் விட்டுவிட்டு, 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்ஸும் கணவாயைத் தாண்டி வந்தவர்களாம். உடம்பு எப்போதோ பழகிவிட்டது. நான் போட்டி போட்டது மூன்று வாரம் முன்னாலேயே ஓட ஆரம்பித்தவர்களோடு.

காலையில் தலைவலி அப்படியே இருந்தது. ஆடிட்டர் ரோட்டில் போய் நின்றான். லேயிலிருந்து காலியாகத் திரும்பும் ஒரு லாரி நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். அதே சர்தார்ஜி.

"என்ன, கம்பெனி காசு கொடுக்கலையா?" என்றார்.

அப்போது நான் ஆடிட்டரிடம் ஒன்று சொன்னேன். சொல்வது நியாயம் என்றும் நினைத்தேன். "நான் மட்டும் இவரோட இறங்கறேன். நீ போயிட்டு வா. ரெண்டு வருஷம் சேர்த்த லீவுடா."

அவன் பதிலே சொல்லவில்லை. இரண்டு சைக்கிளையும் லாரியில் ஏற்றினான். ஏறி உட்கார்ந்தான்.

பாரலாச்சாவை மறுபடி தாண்டி, கீலாங்கில் ஒரு டாக்டர். இரண்டு நாள் அசையாமல் இருக்கச் சொன்னார். ஆயிரத்து இருநூறு மீட்டர் இறங்கியதுமே தலைவலி, கரண்ட் போன ரேடியோ மாதிரி நின்றுவிட்டது. மலை வியாதியின் விசேஷம் அது. சுகமானதும் நான் கேட்ட முதல் கேள்வி, "திரும்பிப் போலாமா?" டாக்டர், ஆடிட்டர் இருவரும் ஒரே மாதிரி பார்த்தார்கள். "மெதுவாகப் போனால் போகலாம்" என்றார் டாக்டர். மெதுவாக என்கிற வார்த்தையை மூன்று முறை சொன்னார்.

இந்தத் தடவை கீலாங்கிலிருந்து ஜிஸ்பா. அப்புறம் பட்சியோ. அப்புறம் ஜிங்ஜிங்பார். ஒவ்வொரு காலையும் ஆடிட்டர் கேட்பான். நான் மூக்கடைப்பு, முட்டிவலி, கனவில் வந்த பயம் உள்பட ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். பாரலாச்சாவில் மூன்றாவது முறையாக நின்றபோது முதல் முறையாக அதைப் பார்த்தேன். சொல்கிறவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

சர்சு தாண்டினால் காட்டா லூப்ஸ். இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒரு வளைவின் ஓரத்தில் சின்னதாக ஒரு மாடம். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் தண்ணீர் பாட்டில்கள். லாரிக்காரர்கள் ஒரு கதை சொல்கிறார்கள். பல வருஷம் முன்னால் ஒரு லாரி அங்கே பழுதாகி நின்றுவிட்டது. டிரைவர் உதவி தேடிப் போனார். உடம்பு சரியில்லாத கிளீனர் வண்டிக்குக் காவலாக இருந்தான். பனி விழுந்து ரோடு மூடிவிட்டது. டிரைவர் திரும்பி வர நாளாகிவிட்டது. அதற்குள் கிளீனர் தாகத்திலும் குளிரிலும் போய்விட்டான். இன்றும் அவன் அந்த வழியில் போகிறவர்களிடம் தண்ணீர் கேட்கிறானாம்.

ஆடிட்டர் சைக்கிளை நிறுத்தினான். எங்களிடம் இருந்த மூன்று பாட்டில் தண்ணீரில் ஒன்றை எடுத்து வைத்தான். வவுச்சர் இல்லாமல் அவன் செய்த ஒரே செலவு.

"டிரைவர் மேல தப்பு இல்லடா, உதவிக்குத்தானே போனான்" என்றேன்.

"தப்பு இல்ல. ஆனா விட்டுட்டுப் போனான்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டேன். "சர்சுவில நீ ஏண்டா என்னை விட்டுட்டுப் போகல?"

"எப்படிப் போறது? பஞ்சர் சொல்யூஷன் உன் பையில இல்ல இருந்துச்சு" என்றான். பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு நகீ லா, லாச்சுங் லா, பாங். நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் தட்டையாக ஓடும் மோரே சமவெளி. அப்புறம் தங்லங் லா. உச்சியில் ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்த ரோடு வேலைக்காரர்கள் பீப்பாயில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கால் மணி நேரம் நிற்கத் திணறிய இடத்தில் அவர்கள் நாள் முழுவதும் கல் சுமக்கிறார்கள். நாங்கள் பெரிய சாதனை செய்ததாக நினைத்து எடுத்துக்கொள்ள இருந்த ஃபோட்டோவைக் கொஞ்சம் அடக்கமாக எடுத்துக்கொண்டோம்.

பதினாறாம் நாள் லே. ஆடிட்டரின் பழைய பிளான்படி பன்னிரண்டாம் நாளே போயிருக்க வேண்டும். இரண்டு நாள் மிச்சம் பிடிக்கப் போய் நாலு நாள் நஷ்டம். டெல்லிக்கு விமானம், அங்கிருந்து சென்னைக்கு ரயில், இரண்டு டிக்கெட்டும் போயே போச்சு. ஆடிட்டர் நோட்டில் என் பெயரில் பற்று எழுதியிருந்தான்: 'பொய் ஒன்று. வட்டி நாலு நாள், டிக்கெட் செலவு தனி.' இன்னும் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாலு நாள் லேட்டாக ஆபீஸ் போன ஆடிட்டரை மேனேஜர் கூப்பிட்டுக் காரணம் கேட்டாராம். அரிச்சந்திரன் ஆயிற்றே, உள்ளது உள்ளபடி சொல்லியிருக்கிறான்.

"தலைவலி சார். எனக்கில்லை, என் ஃப்ரெண்டுக்கு."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "முப்பது வருஷ சர்வீஸ்ல எல்லாத் தலைவலியும் பார்த்துட்டேன்ப்பா. இது ஒண்ணுதான் புதுசு" என்று சொல்லி, நாலு நாளையும் சம்பளமில்லாத லீவாகப் போட்டுவிட்டார்.

அதுவும் என் கணக்கில்தான் ஏறியிருக்கிறது.